ஹோல்பர்ன் மேடையில் பிளந்த உதடு: நீண்ட கச்சேரியில் ட்ரம்பெட் ஊதுவோரின் உதட்டுச் சோர்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1933 நவம்பர். லண்டனில் ஹோல்பர்ன் எம்பயர் அரங்கம். அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் மேடையில் ஊதிக்கொண்டிருக்கும்போதே உதடு பிளந்து, சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம் வழிந்தது. அப்போது அவருக்கு வயது 32. உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட ட்ரம்பெட் கலைஞர், ஊத முடியாமல் ஒதுங்க வேண்டியதாயிற்று. அதன்பின் மீண்டும் ஊதினார், மீண்டும் வலி வந்தது. 1934-இல் பாரிசில் சில மாதங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டு தங்கினார். 1935 தொடக்கத்தில் அமெரிக்கா திரும்பியதும் மறுபடியும் நீண்ட ஓய்வு.

பித்தளைக் கருவி ஊதுகிறவர்கள் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டிய நிகழ்வு இது. ஏனென்றால் அந்த உதடு ஒரு இரவில் போகவில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் தினமும் வந்துபோன சாதாரணச் சோர்வு, கவனிக்கப்படாமல் காயமாக முற்றியது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் மூன்று மணி நேரம் ஊதிவிட்டு "வாய் மரத்துப்போச்சு" என்று சொல்லும் கலைஞருக்கு வருவதும் அதே சோர்வுதான். அளவுதான் வேறு.

சுமை எவ்வளவு இருந்தது

அக்காலத்து அமெரிக்கத் திரையரங்குகளில் படத்துக்கு இடையிடையே மேடை நிகழ்ச்சி நடக்கும். ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து காட்சிகள். ஆம்ஸ்ட்ராங்கின் நிகழ்ச்சியில் ரசிகர்கள் காத்திருந்தது ஒரு வித்தைக்காக: உயர் 'சி' ஸ்வரத்தை நூறு தடவை, சில நாள் இருநூறு தடவைக்கு மேல் அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் அதற்கும் மேலே உள்ள உயர் 'எஃப்'-இல் கொண்டுபோய் நிறுத்துவார். பின்னால் இருக்கும் இசைக்குழுவினர் சத்தமாக எண்ணுவார்கள்.

பி-பிளாட் ட்ரம்பெட்டில் உயர் 'சி' என்று எழுதப்படும் ஸ்வரத்தின் அதிர்வெண் 932 ஹெர்ட்ஸ். அதாவது மவுத்பீஸுக்குள் (கருவியில் உதட்டை வைத்து ஊதும் கிண்ணம் போன்ற முனை) இருக்கும் உதட்டுத் துளை ஒரு நொடியில் 932 தடவை திறந்து மூடுகிறது. உயர் 'எஃப்' என்றால் 1,244 தடவை. ஒவ்வொரு 'சி'-யும் அரை நொடிதான் என்று வைத்துக்கொண்டாலும் இருநூறுக்கு 93,000 தடவை ஆகிறது. இது ஒரு காட்சியில், ஒரு பாட்டின் முடிவில் மட்டும்.

இத்தனை வேலையும் நடக்கும் இடம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால்தான் விபரீதம் புரியும். பரவலாகப் புழங்கும் பாக் நிறுவனத்தின் 7சி அளவு மவுத்பீஸின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். ஐம்பது பைசா நாணயத்தைவிடச் சின்ன வட்டம். டிராம்போனுக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் உண்டு, டியூபாவுக்கு 32-ஐத் தொடும். உதட்டுச் சோர்வால் அதிகம் அவதிப்படுகிறவர்கள் ட்ரம்பெட்காரர்களும் பிரெஞ்சு ஹார்ன்காரர்களும்தான் என்பதற்கு இந்தச் சிறிய வட்டம் ஒரு முக்கியக் காரணம்.

உதட்டுக்குள் என்ன நடக்கிறது

வாயைச் சுற்றி வளையம்போல ஓடும் தசை ஒன்று இருக்கிறது. விசில் அடிக்க உதட்டைக் குவிக்கும்போது இறுகுவது அதுதான். ஊதும்போது இதற்கு இரண்டு வேலை. வாயின் இரு ஓரங்களும் இறுகி நின்று காற்றுக் கசியாமல் காக்க வேண்டும். நடுப்பகுதி தளர்வாக இருந்து அதிர வேண்டும். ஓரம் கெட்டி, நடு மிருது. நல்ல உதட்டுப் பிடி என்பது இவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் ஊதியபின் ஓரத் தசைகள் களைக்கின்றன. உச்ச ஸ்வரம் பிடிக்கவில்லை. அப்போது ஊதுகிறவர் தன்னை அறியாமலேயே இடக்கையால் கருவியை முகத்தோடு சேர்த்து இழுக்கிறார். மவுத்பீஸ் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவில் உதடு நசுங்குகிறது. நசுங்கிய உதடு இறுகியிருப்பதால் ஸ்வரம் வந்துவிடுகிறது! "அப்பாடா, கிடைத்துவிட்டது" என்று தோன்றும். ஆனால் அந்த அழுத்தம் சின்ன ரத்தக் குழாய்களையும் மூடிவிடுகிறது. ரத்தம் வராத தசை இன்னும் வேகமாகக் களைக்கிறது. களைத்தால் இன்னும் அழுத்தம். இந்தச் சுழலில் ஒருமுறை விழுந்தால் அந்த இரவு கச்சேரி முடியும்வரை வெளியே வர முடியாது.

மேலுதடுதான் முதலில் அடிபடும். அதிர்வில் பெரும்பங்கு அதனுடையது. அழுத்தம் வேண்டியே தீரும் என்றால் எடையைக் கீழுதட்டின் பக்கம் சாய்த்து, மேலுதட்டை விடுவிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான். ஆம்ஸ்ட்ராங்கின் படங்களில் மேலுதட்டின் நடுவே தெரியும் வடுவைக் கவனித்துப் பாருங்கள்.

1982-இல் ஹைமே பிளானாஸ் என்ற ஸ்பெயின் நாட்டு ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், ட்ரம்பெட் கலைஞர்களின் வளையத் தசை உள்ளுக்குள் கிழிந்துபோவதைப் பற்றி எழுதினார். அந்தக் காயத்துக்கு ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரை வைத்து 'சாட்ச்மோ நோய்க்குறி' என்று பெயரிட்டார். ஆம்ஸ்ட்ராங் உயிரோடு இருந்தபோது யாரும் அவருக்கு அந்தக் காயம் என்று கண்டறிந்து சொன்னதில்லை. அறுவை சிகிச்சையும் நடக்கவில்லை. அறிகுறிகளைப் பின்னோக்கிப் பார்த்து வைத்த பெயர் அது. இதை மறந்துவிட்டு "ஆம்ஸ்ட்ராங்குக்குத் தசை கிழிந்தது" என்று உறுதியாகச் சொல்லக்கூடாது.

சோர்வு வரும் வரிசை

உச்ச ஸ்வரம் வராமல் போவதுதான் சோர்வின் முதல் அறிகுறி என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது கடைசிக் கட்டம். முதலில் கெடுவது மெதுவாக ஊதும் நடு ஸ்வரங்களின் தொடக்கம். நாக்கு தட்டிய கணத்தில் ஒலி வராமல், ஒரு நூலிழை தாமதித்து, 'ஃப்' என்ற காற்றுச் சத்தத்துக்குப் பிறகு வரும். அடுத்து ஒலியின் நடுவில் கரகரப்பு; சில சமயம் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம்போலக் கேட்கும். மூன்றாவதாக வாயோரம் நடுங்கி, காற்று பக்கவாட்டில் கசியும். அதற்கும் பிறகுதான் மேல் ஸ்வரங்கள் சுருதி இறங்கி, மெலிந்து, அறுந்துபோகும்.

முதல் அறிகுறி தெரிந்தவுடன் ஐந்து நிமிடம் ஊதாமல் விட்டால் உதடு ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவரும். நான்காவது அறிகுறி வந்தபின் அரை மணி நேரம் விட்டாலும் போதாது. உதட்டுச் சோர்வைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: களைத்தபின் எடுக்கும் ஓய்வைவிடக் களைக்குமுன் எடுக்கும் ஓய்வு பல மடங்கு வேலை செய்யும்.

ஆம்ஸ்ட்ராங் எப்படி மீண்டார்

1935-க்குப் பிறகு அவர் இன்னும் முப்பது வருடங்களுக்கு மேல் ஊதினார். காரணம் களிம்பு அல்ல. களிம்பும் பயன்படுத்தினார்தான்: ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஃபிரான்ஸ் ஷூரிட்ஸ் என்ற டிராம்போன் கலைஞர் தயாரித்தது, பின்னாளில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயரோடே விற்பனையானது. அது தோல் வறண்டு வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். தசைக் களைப்பை எந்தக் களிம்பும் தொடாது.

மாறியது நிகழ்ச்சியின் அமைப்பு. உச்ச 'சி' அடுக்கும் வித்தை மெல்ல விலகியது. வாசிப்பில் ஸ்வரங்கள் குறைந்து இடைவெளி கூடியது. 1947-இல் பெரிய இசைக்குழுவை விட்டுவிட்டு 'ஆல் ஸ்டார்ஸ்' என்ற சிறு குழுவுக்கு வந்தார். ஜாக் டீகார்டனின் டிராம்போன், பார்னி பிகார்டின் கிளாரினெட் என்று குழுவில் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பாட்டு இருந்தது. அவர்கள் வாசிக்கும்போது ஆம்ஸ்ட்ராங் ஊத வேண்டியதில்லை. அதோடு அவர் நிறையப் பாடினார். பாடும் மூன்று நிமிடத்தில் கூட்டத்துக்குக் குறை இல்லை, உதட்டில் மவுத்பீஸும் இல்லை.

நம் மரபுக்கு இது புதிதே அல்ல. கோயில் மேளத்தில் இரண்டு நாயனம் வைத்துக்கொள்வதும், தவிலுக்குத் தனி விடுவதும் இசை அழகுக்கு மட்டும் ஏற்பட்ட வழக்கமல்ல. ஒரு நாயனம் பிடியை விடும்போது இன்னொன்று எடுத்துக்கொள்ளும். தனி ஆவர்த்தனத்தின்போது இருவர் உதடும் ஆறும். விடிய விடியச் சுவாமி புறப்பாட்டில் ஊதியவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராக்களில் முதல் ஹார்னுக்குப் பக்கத்தில் உதவி ஹார்ன் ஒருவரை உட்காரவைத்து, எல்லோரும் சேர்ந்து உரத்து ஊதும் பகுதிகளை அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். முதல் ஹார்ன் தன் தனிப் பகுதிக்காக உதட்டைச் சேமித்துக்கொள்கிறார். பேண்ட் செட் குழுக்களில் மட்டும் ஏனோ மூன்று ட்ரம்பெட்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே வரியை ஊதிக்கொண்டிருக்கின்றன. சத்தம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் மூன்று பேரும் சேர்ந்து இரண்டாம் மணியில் ஓய்ந்துபோவதில் சத்தமும் கிடைப்பதில்லை.

மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு திட்டம்

முந்தைய நாள் 20 முதல் 30 நிமிடம், மெதுவாக, நடு ஸ்தாயியில் மட்டும் ஊதினால் போதும். கச்சேரிக்கு முதல் நாள் இரண்டு மணி நேரம் சாதகம் செய்வது மறுநாளின் உதட்டை இன்றே செலவழிப்பது. இரவுச் சாப்பாட்டில் ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் தள்ளிவையுங்கள். உப்பு மிகுந்தால் உடம்பு நீரைப் பிடித்துவைக்கும், காலையில் உதடு தடித்திருக்கும். தடித்த உதடு தாமதமாக அதிரும். மதுவும் உதட்டை உலர்த்திவிடும்.

பாட்டு வரிசையைக் கையில் எடுத்து, மேல் 'ஜி' ஸ்வரத்துக்கு மேலே போகும் இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். மேற்கத்திய இசைக் குறியீட்டின் ஐந்து கோட்டுக்கு மேலே உட்காரும் ஸ்வரம் அது. சிவப்பு அதிகமுள்ள இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து வரக்கூடாது. நடுவில் பாடகர் பாட்டோ, சாக்ஸபோன் பாட்டோ, டிரம்ஸ் தனியோ வரட்டும். இரண்டு ட்ரம்பெட் இருந்தால் ஒவ்வொரு பாட்டிலும் யார் மேல் வரி, யார் கீழ் வரி என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். மேடையில் கண்ணால் பேசிப் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது; களைத்தவர் வீம்புக்காகத் தொடர்ந்து ஊதுவார்.

தொடங்குவதற்கு 40 நிமிடம் முன்பு உதட்டைப் பதப்படுத்த வேண்டும். மொத்தம் 12 நிமிடம் போதும். முதல் 2 நிமிடம் மவுத்பீஸை மட்டும் வைத்துக் கீழ் ஸ்தாயியில் அதிர்வு. அடுத்த 5 நிமிடம் நடு 'ஜி'-யிலிருந்து அரை ஸ்வரமாகக் கீழே இறங்கும் நீண்ட ஸ்வரங்கள், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவு மெதுவாக. பிறகு 3 நிமிடம் வால்வு மாற்றாமல் உதட்டாலேயே தாவும் பயிற்சி. கடைசி 2 நிமிடம் ஒரே ஒரு ஸ்வர வரிசை, உச்சத்தைத் தொடாமல். அத்தோடு கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். மேடைக்குப் பின்னால் நின்று உச்ச ஸ்வரம் வருகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பது பரவலான பழக்கம். அந்த ஸ்வரங்கள் எல்லாம் கச்சேரிக் கணக்கில்தான் கழியும்.

ஊதும் நேரத்தில் கையைக் கவனியுங்கள். வலக்கைச் சுண்டுவிரலை மாட்டுவதற்கு ட்ரம்பெட்டின் மேல் ஒரு கொக்கி இருக்கும். இசைத்தாளைப் புரட்டும்போதோ, ஒரு கையால் பிடிக்கும்போதோ உதவ வைத்தது அது. ஊதும்போது விரல் அதற்குள் மாட்டியிருந்தால் ஒவ்வொரு உச்ச ஸ்வரத்துக்கும் அந்த விரல் கருவியை முகத்தை நோக்கி இழுக்கும். விரலை வெளியே எடுத்து மேலே தளர்வாக வைத்தாலே அழுத்தத்தில் ஒரு பகுதி போய்விடும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரிய வீட்டில் ஒரு சோதனை செய்யலாம்: இடக்கையை மல்லாத்தி, உள்ளங்கையில் கருவியைச் சும்மா கிடத்தி, விரல்களை மடக்காமல் நடு 'ஜி'-யை ஊதுங்கள். அதிலிருந்து எந்த ஸ்வரம்வரை ஏற முடிகிறதோ அதுவரை தசை வேலை செய்கிறது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் கை செய்யும் வேலை.

எட்டு தாள அளவு (பார்) ஓய்வு கிடைத்தாலும் மவுத்பீஸை உதட்டிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள். பலர் அடுத்த பகுதிக்குத் தயாராக ஒட்டியபடியே காத்திருப்பார்கள். ஊதாவிட்டாலும் அந்த அழுத்தத்தில் உதட்டுக்கு ரத்தம் ஓடாது. எடுத்தவுடன் உதட்டைத் தளர்த்தி, குதிரை மூச்சுவிடுவதுபோல 'ப்ர்ர்ர்' என்று மூன்று நான்கு தடவை படபடக்க விடுங்கள். அடைந்திருந்த ரத்தம் ஓடத் தொடங்கும்போது லேசாகக் குறுகுறுக்கும். ஒரு வாய்த் தண்ணீர், சாதாரணக் குளிர்ச்சியில். உதட்டைக் கையால் தேய்ப்பதும் பல்லால் கடிப்பதும் ஏற்கெனவே நசுங்கிய தோலைப் புண்ணாக்கும்.

இடைவேளை 20 நிமிடம் என்றால் முதல் 17 நிமிடம் ஊதவே கூடாது. கடைசி மூன்று நிமிடத்தில் கீழ் ஸ்தாயியில் சில மெதுவான ஸ்வரங்கள். இடைவேளையில் ஐஸ் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். உதடு மரத்துவிட்டால் அழுத்தம் தெரியாது, அடுத்த பாட்டில் இரண்டு மடங்கு அழுத்துவீர்கள். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஊதுவதும் அப்படியே. வலி சொல்லும் எச்சரிக்கையை மாத்திரை மறைத்துவிடும். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்குச் சில வலி மாத்திரைகளே தனி ஆபத்து.

களிம்பைக் கச்சேரிக்கு முன் தடவியிருந்தால் ஊதும்முன் துடைத்துவிடுங்கள். வழுக்கும் உதட்டில் மவுத்பீஸ் நகரும், நகராமல் இருக்க மறுபடி அழுத்த நேரும். கற்பூரம், மெந்தால் கலந்தவை குளுகுளு என்று இருந்தாலும் உதட்டை உலர்த்தும்.

நடுவிலேயே உதடு விட்டுப்போனால்

பாட்டின் பாதியில் ஒலி அறுந்தால் அதே ஸ்வரத்தை அழுத்திப் பிடிக்க முயலவே வேண்டாம். ஒரு ஸ்தாயி கீழே இறங்குங்கள். கூட்டத்தில் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. வரியின் முதல் ஸ்வரத்தையும் கடைசி ஸ்வரத்தையும் மட்டும் ஊதி, நடுவில் உள்ளதைக் கீபோர்டுக்கோ சாக்ஸபோனுக்கோ விட்டுவிடலாம். மைக் இருந்தால் அதன் அருகே போய்ப் பாதிச் சத்தத்தில் ஊதுங்கள். உதடு வேகமாகத் தீர்வதற்கு உச்சத்தைப்போலவே உரப்பும் காரணம்.

தெருவில் ஊதும்போது இது இன்னும் மோசம். அரங்கத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி காதுக்கு வரும். திறந்தவெளியில் ஒலி போனது போனதுதான். பக்கத்தில் டிரம்ஸும் வெடியும் வேறு. தன் ஒலி தனக்குக் கேட்காததால், போதவில்லை என்று நினைத்து ஊதுகிறவர் மேலும் மேலும் ஊதுகிறார். ஒரு காதில் மட்டும் நுரை அடைப்பான் வைத்துக்கொண்டால் தலையெலும்பு வழியாகத் தன் ஒலி கேட்கும், தேவைக்கு மேல் ஊதுவது குறையும். நடந்துகொண்டே ஊதும்போது ஒவ்வொரு அடியிலும் மவுத்பீஸ் பல்லில் இடிக்கிறது. உச்ச ஸ்வரம் உள்ள பாட்டுகளை ஊர்வலம் நிற்கும் முனைகளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

முடிந்தபின்

கருவியை உடனே பெட்டியில் வைக்காமல் 3 முதல் 5 நிமிடம் கீழ் ஸ்தாயியில் மிக மெதுவாக ஊதி இறங்குங்கள். பிறகு ஐஸை மெல்லிய துணியில் சுற்றி 5 முதல் 10 நிமிடம் உதட்டில் வைக்கலாம், வீக்கம் குறையும். ஐஸுக்கு உரிய நேரம் இதுதான். கண்ணாடியில் பாருங்கள்: மவுத்பீஸ் விளிம்பின் வட்டத் தடம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அது மறைந்துவிட்டால் கவலை இல்லை. மறுநாள் காலையிலும் தடமோ, உள்ளுதட்டில் பல் பதிந்த கோடோ இருந்தால் அன்று கருவியைத் தொடக்கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பல் குத்தினால் பல் மருத்துவரிடம் காட்டிக் கூரான விளிம்பை மழுக்கிக்கொள்ளலாம். மவுத்பீஸின் வெள்ளிப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தால் தோல் அரிக்கும். பூச்சுப் போடுங்கள் அல்லது மாற்றுங்கள். உதட்டில் அக்கிக் கொப்புளம் இருக்கும்போது ஊதவும் கூடாது, அந்த மவுத்பீஸை இன்னொருவரிடம் கொடுக்கவும் கூடாது. கருவிகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் குழுக்கள் மவுத்பீஸை மட்டுமாவது ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சோர்வும் காயமும் வேறு வேறு. இரண்டு மூன்று நாள் ஓய்வில் சோர்வு போய்விடும். ஊதும்போது 'சுருக்' என்று குத்தி அந்தக் கணமே ஒலி போனால், அல்லது உதட்டைக் குவித்துவைத்து விரலால் வருடும்போது ஒரு இடத்தில் பள்ளம்போலத் தட்டுப்பட்டால், தசை கிழிந்திருக்கலாம். முக அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியே இல்லாமல், ஊதும்போது மட்டும் உதடு சொன்னபடி கேட்காமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் அது நரம்பியல் கோளாறாக இருக்கலாம். அங்கே கூடுதல் சாதகம் நிலைமையை இன்னும் கெடுக்கும்.

காயத்துக்குப் பின் திரும்பி வரும்போது பாதி ஆறியதும் மேடையேறக்கூடாது. சிரித்தாலும் குவித்தாலும் வலிக்காத நாள்வரை காத்திருங்கள். பிறகு 5 நிமிடம், நாளுக்கு மூன்று வேளை, நடு ஸ்தாயிக்குக் கீழே, மெதுவாக. மறுநாள் காலை வீக்கம் இல்லையென்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை வேளைக்கு 5 நிமிடம் கூட்டலாம். வீக்கம் தெரிந்தால் முந்தைய அளவுக்கு இறங்க வேண்டும். மேல் 'ஜி'-யைத் தாண்டுவது, ஒரே வேளையில் அரை மணி நேரம் வலியில்லாமல் ஊத முடிந்த பிறகு. முதல் மேடை இரண்டாம் ட்ரம்பெட்டாக, கீழ் வரியில்.